கிலோவுக்கு எத்தனை கவர்? கடைக்காரரைக் கேட்காமலே கணக்குப் போடுவது எப்படி

கேள்வி இதுதான்: வீட்டில் முறுக்கும் தட்டையும் போட்டு விற்கும் ஒருவர், 7×10 அங்குலம், 150 கேஜ் (தடிமன் அளவு) பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் கவர் வாங்கியிருக்கிறார். “கிலோவுக்கு 320 வரும்” என்றாராம் கடைக்காரர். வீட்டுக்கு வந்து எண்ணினால் 287. “என்னை ஏமாற்றிவிட்டாரா? வாங்கும் முன்பே ஒரு கவரின் எடையை நானே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? என்னிடம் அளவு கருவி எதுவும் கிடையாது, சமையலறைத் தராசு மட்டும்தான்.”

அந்தத் தராசு போதும். இன்னும் சொன்னால், நீங்கள் நினைக்கிற அளவு கருவியைவிட அதுதான் உங்களுக்கு உபயோகம். கவர் அடிக்கும் யூனிட்டில் இருபது வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரே ஒரு மைக்ரான் தடிமன் கொண்ட தாள் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருட்டிக் கசக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? சரியாக ஒரு கன சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். ஒரு மைக்ரான் என்பது சென்டிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் அடித்துக்கொண்டு போய் ஒன்று மிஞ்சும். ஆகவே மைக்ரானை அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தியால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வந்துவிடும். அதைத்தான் ஜிஎஸ்எம் என்கிறோம்.

அடர்த்தி எங்கே கிடைக்கும்? நாலைந்து எண்களை மனப்பாடம் செய்தால் ஆயுசுக்கும் போதும். பிபி 0.90. எல்டி, அதாவது மென்மையான சாதா பாலித்தீன், 0.92. சரசரவென்று சத்தம் போடுகிற ஹெச்எம் கவர், அதுவும் ஒரு வகைப் பாலித்தீன்தான், 0.95. பெட், அதாவது பாலியஸ்டர் ஃபிலிம், 1.40. நைலான் 1.14. அலுமினிய ஃபாயில் 2.7. முதல் மூன்றும் தண்ணீரைவிட லேசு, மற்றவை கனம். இந்த வித்தியாசம் பின்னால் வேறொரு வேலைக்கும் பயன்படும்.

உங்கள் கவரையே எடுப்போம். 150 கேஜ் என்றால் எத்தனை மைக்ரான்? 100 கேஜ் என்பது 25.4 மைக்ரான், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 150 கேஜ் 38.1 மைக்ரான். அதை 0.90-ஆல் பெருக்கினால் 34.3 ஜிஎஸ்எம். கவரின் பரப்பளவு 17.78 × 25.4 சென்டிமீட்டர், முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு தாள் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். 903 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0903 சதுர மீட்டர். 34.3 × 0.0903 = 3.1 கிராம். 1000-ஐ 3.1-ஆல் வகுத்தால் 322. கடைக்காரர் 320 என்றது காற்றில் வந்த எண் இல்லை. அளவும் கேஜும் சொன்னபடி இருந்தால் அவ்வளவுதான் வரும்.

பட்டறையில் யாரும் சதுர மீட்டருக்குப் போக மாட்டார்கள். அங்குலமும் கேஜும்தான் அங்கே புழங்கும். அதற்கு ஒரு குறுக்குவழி: நீளம் × அகலம் × கேஜ், அதை 3390-ஆல் வகுத்தால் பிபி கவரின் எடை கிராமில். எல்டி என்றால் 3320. ஹெச்எம் என்றால் 3210. இரண்டு பக்கத்துக்கான இரண்டு இதற்குள்ளேயே அடக்கம், மறுபடி இரண்டால் பெருக்கிவிடாதீர்கள். சில பேர் எல்லாவற்றுக்கும் 3300 என்றே வைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பேரம் பேச அது போதும்.

சரி, 287 எப்படி வந்தது?

ஒரு கவரை மட்டும் தராசில் வைக்காதீர்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும். 3 கிராம் கவரில் ஒரு கிராம் தப்பு என்றால் அது கணக்கே இல்லை. நூறு கவரை எண்ணி மொத்தமாக வையுங்கள். கிலோவுக்கு 287 என்றால் நூறு கவர் 348 கிராம் சுமார் காட்டும். ஒன்று 3.48. அடுத்து இரும்பு ஸ்கேலை எடுத்து, கவரின் வாயிலிருந்து அடிவரை அளந்து பாருங்கள். அடி என்று நான் சொல்வது சீல் கோடு இல்லை. சீலுக்குக் கீழே ஒரு வால் தொங்கும், அதன் நுனிவரை. பாட்டம் சீல் கவரில் அந்த வால் கால் அங்குலம் முதல் அரை அங்குலம்வரை இருக்கும். கடைக்காரர் 10 அங்குலம் என்று சொல்வது பொருள் போகிற நீளம். நீங்கள் காசு கொடுத்தது வாலுக்கும் சேர்த்து.

உங்கள் கவரில் வால் அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் நீளம் 10½. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 3.48 × 3390 ÷ (7 × 10.5). வருவது 160 கேஜ். நீங்கள் கேட்டது 150.

ஆக, வாலில் 5 சதவீதம், தடிமனில் 6½ சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தொழிலில் சகஜம். சேர்ந்தபோது கிலோவுக்கு 33 கவர் குறைந்துவிட்டது. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால், 56 காசுக்கு வரவேண்டிய கவர் 63 காசு ஆகிவிட்டது. பத்தாயிரம் கவருக்கு 650 ரூபாய் சொச்சம். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிசகு ஏன் எப்போதும் ஒரே பக்கமாகவே சாய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கவர் ஓட்டும் இடத்தில் தடிமனை யாரும் தடிமனாக அளப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக் குழாய்போல ஊதி வரும். அதை மேலேயோ கீழேயோ இரண்டு ரோலர் நசுக்கி இழுக்கும். இழுக்கிற வேகம் கூடினால் ஃபிலிம் மெலியும், குறைந்தால் தடிக்கும். ஆபரேட்டர் என்ன செய்வார் தெரியுமா? ஓடுகிற ட்யூபில் ஒரு மீட்டர் அளந்து பிளேடால் வெட்டுவார், நாலாக எட்டாக மடிப்பார், பக்கத்தில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் போடுவார். உங்கள் 7 அங்குல ட்யூப் 150 கேஜில் ஓடினால் மீட்டருக்கு 12.2 கிராம் இருக்க வேண்டும். தராசு 13 காட்டினால் அது 160 கேஜ். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த முக்கால் கிராமில்தான் இருக்கிறது. எங்கள் ஆபரேட்டர் ஒருவர் தராசைப் பார்க்காமலே துண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, “அண்ணே, அரைக் கிராம் ஏறியிருக்கு, கொஞ்சம் இழுக்கட்டுமா?” என்பார். தராசில் போட்டால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் இருக்கும்.

கேஜ் கொஞ்சம் ஏற்றி ஓட்டினால் ஓட்டுகிறவருக்கு நிம்மதி. ஊதும்போது ஓட்டை விழாது, சீல் பிரியாது, மெஷின் நிற்காது. கூடுதலாகப் போன பிளாஸ்டிக்குக்கு நீங்கள்தான் கிலோ விலை கொடுத்துவிடுகிறீர்களே! ஆகவே கிலோவுக்கு விற்கிற சரக்கு தடிமன் பக்கம் சாயும். இதே சரக்கை ஆயிரம் கவர் இத்தனை ரூபாய் என்று பேசிப் பாருங்கள், அப்போது மெலிவு பக்கம் சாயும். 150 கேட்டால் 140 வரும். வால்கூடச் சுருங்கிவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை, கை தானாகவே அந்தப் பக்கம் போகும். நான் அந்தப் பக்கம் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

“ஸ்க்ரூ கேஜ் வாங்கட்டுமா?” என்றால், வேண்டாம் என்பேன். சாதாரண ஸ்க்ரூ கேஜ் 10 மைக்ரான் கணக்கில்தான் காட்டும். 40 மைக்ரான் தாளை அதில் வைத்து 38-ஆ 41-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பத்துக் கவரை அடுக்கி இருபது தாளாக வைத்து அளந்து, இருபதால் வகுத்தால் ஓரளவு வரும். அப்போதும் அடுக்குக்கு நடுவில் காற்று நிற்கும். தவிர, ஊதிய ஃபிலிமில் சுற்றளவு முழுக்க ஒரே தடிமன் இருக்காது. ஓரிடத்தில் மெலிந்து, இன்னோரிடத்தில் தடித்து இருக்கும். அளக்கிற புள்ளியைப் பொறுத்து எண் மாறும். எடை அப்படி இல்லை, முழுக் கவரின் சராசரியையும் ஒரே எண்ணில் சொல்லிவிடும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அரை லிட்டர் பால் பாக்கெட் பத்தைக் கழுவிக் காயவைத்தேன். பத்தும் சேர்ந்து 23 கிராம், ஒன்றுக்கு 2.3. ஒரு பாக்கெட்டைப் பின்பக்க ஒட்டில் பிரித்து விரித்தால் 31 × 16 சென்டிமீட்டர் தாள். 496 சதுர சென்டிமீட்டர். 2.3-ஐ 0.92-ஆல் வகுத்தால் 2.5 கன சென்டிமீட்டர். அதை 496-ஆல் வகுத்தால் 0.00504 சென்டிமீட்டர், அதாவது 50 மைக்ரான். பால் ஃபிலிம் வழக்கமாக அந்த அளவில்தான் ஓடும். சமையலறைத் தராசும் பள்ளிக்கூட ஸ்கேலும் சேர்ந்து இவ்வளவு சொல்கின்றன. (கத்தரித்து எறிந்த மூலையைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது ஒன்றும் பெரிதில்லை.)

இந்தக் கணக்கு கவிழ்கிற இடம் ஒன்று உண்டு: ஃபில்லர். விலையைக் குறைக்க, பிளாஸ்டிக்கோடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் பவுடர் கலந்த மணிகளைச் சேர்ப்பார்கள். வெள்ளையாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும் கவர்களில் இது அதிகம். கல்லின் அடர்த்தி 2.7. எல்டியில் எடைக்கு 20 சதவீதம் கலந்தால் மொத்த அடர்த்தி 0.92-லிருந்து 1.06-க்குப் போய்விடும். அதே அளவு, அதே தடிமன், ஆனால் கிலோவுக்கு 13 சதவீதம் கவர் குறையும். கிலோ விலை பத்து ரூபாய் குறைவு என்று சந்தோஷமாக வாங்கி வருவீர்கள், கவர் கணக்கில் பார்த்தால் நஷ்டமாகவும் முடியலாம்.

கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பிரின்ட் இல்லாத இடத்தில் நகக்கண் அளவு துண்டு வெட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துத் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். தேய்க்காவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு எதையும் மிதக்க வைத்துவிடும். சுத்தமான பிபி, எல்டி, ஹெச்எம் மூன்றும் மேலே வந்துவிடும். எல்டியில் ஃபில்லர் 12 சதவீதத்தைத் தாண்டினால் மூழ்கும். உங்கள் முறுக்குக் கவர் கண்ணாடிபோலத் தெரிகிற பிபி என்றால் இந்தச் சந்தேகமே வேண்டாம். கல் கலந்தால் அந்தத் தெளிவு வராது.

எதிர்ப்பக்கம் போகிற ஃபிலிமும் உண்டு. ஐஸ்கிரீம் உறையில் வரும் முத்துப் பளபளப்பு கொண்ட வெள்ளை பிஓபிபி, அதாவது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து விரித்த பிபி. அதற்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் அடர்த்தி 0.70 பக்கம்தான். சாதா பிஓபிபி 0.905. மைக்ரான் ஒன்றே என்றாலும் கிலோவுக்கு நிறைய வரும்.

அடுத்து வடிவம். பக்கவாட்டில் மடிப்பு உள்ள கஸட் கவரில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவார்கள். முகம் 8 அங்குலம், இரு பக்கமும் உள்ளே 2 அங்குலம் மடிந்திருந்தால் கணக்குக்கு அகலம் 8 இல்லை, 12. எது மடிப்பு, எது அகலம் என்று வார்த்தையில் சண்டை போடுவதைவிட மடிப்பைப் பிரித்துத் தட்டையாக நீவி, அந்த அகலத்தை அளந்துவிடுங்கள். அடியில் கஸட் உள்ள நிற்கும் பவுச்சுக்கு முன்பக்கம், பின்பக்கம், கூடவே மடிப்பின் இரண்டு பக்கம். கைப்பிடித் துளைக்கு வெட்டி எடுத்த துண்டைக் கழிக்க மறக்க வேண்டாம். சின்னத் துளை என்றால் விட்டுவிடலாம்.

கைப்பிடி என்றதும் ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் எந்தத் தடிமனிலும் கூடாது, ஆகவே நம் ஊரில் அதற்குக் கணக்கே வேண்டாம். வெளி மாநிலங்களுக்கு மத்திய விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் குறைந்தது 120 மைக்ரான். 16×20 அங்குல எல்டி பையை 50 மைக்ரானில் போட்டால் 19 கிராம், கிலோவுக்கு 52. அதுவே 120 மைக்ரானில் 45½ கிராம், கிலோவுக்கு 22. சும்மா கொடுத்த பைக்கு அங்கே கடைகள் காசு கேட்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பல அடுக்கு பவுச்சுக்கு என்றைக்காவது மாறினால், ஒவ்வொரு அடுக்காகக் கூட்ட வேண்டும். 12 மைக்ரான் பெட், 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட் (மெல்லிய அலுமினியப் பூச்சு கொண்டது), உள்ளே 60 மைக்ரான் எல்டி என்று வைப்போம். 16.8 + 16.8 + 55.2, மொத்தம் 88.8. ஒட்டுகிற பசை ஒவ்வொரு இடைவெளிக்கும் 2 கிராம் சுமார், மை 2 கிராம் சுமார். 95 ஜிஎஸ்எம் என்று வைக்கலாம். 6×9 அங்குலம், அடியில் ஒன்றரை அங்குல மடிப்பு என்றால் தாள் 126 சதுர அங்குலம், எடை 7.7 கிராம். ஜிப் இருந்தால் அதைத் தனியே வெட்டி நிறுத்துக் கூட்டுங்கள். சப்ளையர் மொத்தமாக “84 மைக்ரான் பவுச்” என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த அடுக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பெட் ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மொத்த மைக்ரானை வைத்து எடை சொல்ல முடியாது.

ரோலாக வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், தலைகீழாக. 25 கிலோ, 30 சென்டிமீட்டர் அகலம், ஒற்றைத் தாள், 46 ஜிஎஸ்எம் என்றால் 25,000-ஐ (0.30 × 46)-ஆல் வகுக்க, 1,811 மீட்டர். நடுவில் இருக்கும் அட்டைக் கோரின் எடையைக் கழித்தார்களா என்று மட்டும் பாருங்கள். காலி கோர் ஒன்றைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும், அட்டைக்கு எத்தனை தடவை பிளாஸ்டிக் விலை கொடுத்தோம் என்று.

மொத்தமாக அனுப்பப் பயன்படுத்தும் பிபி சாக்கு நெய்தது. அதற்குத் தடிமன் கேட்டுப் பயனில்லை. டீனியரும் மெஷ்ஷும் வேண்டும். 9,000 மீட்டர் நாடாவின் எடை கிராமில் டீனியர். ஒரு அங்குலத்துக்கு எத்தனை நாடா என்பது மெஷ். பாவு மெஷ், ஊடு மெஷ் இரண்டையும் கூட்டி, டீனியரால் பெருக்கி, 228.6-ஆல் வகுத்தால் ஜிஎஸ்எம். 10×10 மெஷ், 900 டீனியர் என்றால் 78.7. அதில் 24×36 அங்குலச் சாக்கு 88 கிராம் சுமார். வாய் மடித்ததும் தைத்த நூலும் இதற்கு மேலே.

இனி உங்களுக்கு உடனே தேவைப்படுவது. அடுத்த முறை ஆர்டர் சொல்லும்போது “150 கேஜ்” என்பதோடு நிறுத்தாதீர்கள். 7 அங்குலம், வாயிலிருந்து சீல்வரை 10 அங்குலம், வால் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நூறு கவர் 317 கிராம், 5 சதவீதம்வரை ஏறலாம் இறங்கலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். கிலோவுக்கு 315 வரும். கடையிலேயே நூறை எண்ணித் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், எந்த அண்ணாச்சியும் கோபித்துக்கொள்ள மாட்டார். 333 கிராமைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். 301-க்குக் கீழே போனால் சந்தோஷப்படாதீர்கள். முறுக்கு முனை கூர்மையானது, மெலிந்த கவரைக் குத்திவிடும். காற்றுப் புகுந்தால் நாலு நாளில் நமுத்துவிடும்.

இப்போது கையில் இருக்கும் கவரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கொஞ்சம் தடித்த நல்ல கவர்தான் அது. ஒன்று மட்டும்: 200 கிராம் என்று லேபிளில் போட்டால் அது முறுக்கின் எடை மட்டும், கவர் அதில் சேராது. தராசில் காலிக் கவரை வைத்து டேர் பட்டனை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கிய பிறகு நிரப்புங்கள். 3½ கிராம்தானே என்று விட்டால் ஆயிரம் பாக்கெட்டில் மூன்றரைக் கிலோ முறுக்கு வாங்குகிறவர்களுக்குக் குறைந்துவிடும்.